உராய்வு செய்த வேலை

எட்டாவது தாளிலும் அதே கண்றாவிதான். “உராய்வு எதற்கும் ஒத்துப்போகாத குணமுடையது. ஆகவே அது செய்யும் வேலை என்றென்றும் எதிர்க்குறியே. இதில் ஐயத்திற்கு இடமே இல்லை.” குணமாம், என்றென்றுமாம், ஐயத்திற்கு இடமே இல்லையாம். செங்கோட்டுவேல் சிவப்புப் பேனாவை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டு அந்த மூன்று வரியையும் ஒரு தரம் படித்தார், இன்னொரு தரம் படித்தார், படிக்காமலே தெரியும் என்பதால் மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டார். கேள்வி என்னவோ சின்னக் கேள்வி. ஒரு லாரியின் தளத்தில் பெட்டி இருக்கிறது, லாரி கிளம்பி வேகமெடுக்கிறது, பெட்டி நழுவவில்லை. தளத்தின் உராய்வு பெட்டியின் மீது செய்யும் வேலை நேர்க்குறியா எதிர்க்குறியா, காரணம் கூறுக, மூன்று மதிப்பெண். விசை தள்ளுகிற பக்கமே பொருள் போனால் நேர்க்குறி, விசைக்கு எதிராகப் போனால் எதிர்க்குறி, அவ்வளவுதான் சங்கதி. லாரி முன்னால் போகிறது, பெட்டியும் முன்னால் போகிறது, பெட்டியை முன்னால் இழுத்துக்கொண்டு போவது அதன் அடியில் இருக்கிற தளத்தின் பிடிப்பு, அந்தப் பிடிப்புக்குப் பெயர்தான் உராய்வு, ஆகவே நேர்க்குறி. விடைக்குறிப்பிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல எதிர்க்குறி என்று எழுதியிருக்கிறார்கள், அதுவும் ஒரே சொல், ஒரே புள்ளி, அந்தப் பாழாய்ப்போன ‘என்றென்றும்’ உட்பட. யார் இதை இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் திருத்துகிற அந்த அறையில் எல்லோரும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவர் மூன்றாம் பென்ச்சில், சின்னப் பிள்ளைகளுக்குச் செய்த தாழ்ந்த பென்ச்சில், முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்து, எட்டாவது தாளில் இருபத்தெட்டாவது கேள்விக்குப் பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தார். தான் எழுதின வாக்கியத்துக்குத் தானே பூஜ்யம் போடுவது கையெழுத்துப் போடுவதை விடச் சுலபமாகத்தான் இருந்தது.

பூஜ்யம் போடுவதோடு போயிருந்தால் தொல்லையில்லை. மூன்று மார்க், யாருக்கு என்ன குடி முழுகிப்போகிறது. அந்த ஜெசிந்தா மேடம் இருக்கிறாளே, முதன்மைத் தேர்வாளர், இவரை விடப் பதினோரு வயது சின்னவள், திண்டுக்கல் பக்கம், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேசை முழுக்கத் தேடுகிற ஜென்மம், அவள்தான் பதினொன்றேகால் மணிக்கு எழுந்து நின்று, “சார், மேடம், எல்லாரும் ஒரு நிமிஷம் பேனாவை வைங்க” என்றாள். ஒரு நிமிஷமாம். அவள் ஒரு நிமிஷம் என்றால் பத்து நிமிஷம். எல்லாக் கட்டையும் அவசரமாகப் புரட்டிப் பார்த்துவிட்டாளாம்: ஆறு பேர் திருத்துகிறோம், ஆளுக்குப் பன்னிரண்டு தாள், மொத்தம் எழுபத்திரண்டு, அதில் நாற்பத்தொரு தாளில் இருபத்தெட்டாம் கேள்விக்கு எழுத்துப் பிசகாமல் ஒரே விடை, தாள் எண்ணும் வரிசையாக இருக்கிறது, ஆகவே ஒரே தேர்வு மையத்துப் பிள்ளைகள். சரியான விடை ஒரே மாதிரி இருந்தால் பரவாயில்லை, தப்பான விடை எப்படி ஒரே மாதிரி இருக்கும்? ஹாலில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது துண்டுச்சீட்டு சுற்றியிருக்க வேண்டும். “இது காப்பின்னு முடிவானா நான் ரிப்போர்ட் எழுதியே ஆகணும். எழுதினா அந்தப் பிள்ளைங்க அத்தனை பேருக்கும் ரிசல்ட்டை நிறுத்திருவாங்க. விசாரணை, அப்புறம் எது வேணா ஆகலாம். ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் பார்க்கிறேன். யாருக்காவது ஏதாவது தெரிஞ்சா வந்து சொல்லுங்க.” சொல்லிவிட்டு உட்கார்ந்து, மறுபடி கண்ணாடியைத் தேடினாள். ரிப்போர்ட் எழுதுவதில்தான் எத்தனை ஆசை பார், என்று நினைத்துக்கொண்டார் செங்கோட்டுவேல். ஒரு தாளை முக்கால் மணி நேரம் படிக்கிறவள், காரணம் எழுதியிருக்கிறானா, அலகு போட்டிருக்கிறானா என்று எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்து படிக்கிறவள், அவளுக்கு இது பெருமை. மேலிடத்தில் பேர் வாங்கலாம். திருத்தும் முகாமில் கூட்டுக் காப்பியைக் கண்டுபிடித்த வீராங்கனை. மணி அப்போது பதினொன்று இருபத்தைந்து. ஒன்றுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரமும் ஒரு ஐந்து நிமிஷமும்தான் இருக்கிறது என்று அவர் கணக்குப் பார்த்ததை யாரும் பார்க்கவில்லை.

ஒன்பதாவது தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் இரண்டு மார்க், மூன்று மார்க் எல்லாம் போட்டார். ‘திறன் என்பது வேலை செய்யும் வீதம்’, சரி, இரண்டு. ‘மீட்சி மோதலில் இயக்க ஆற்றல் மாறாது’, சரி, படத்தைக் காணோம், ஒன்றரை. எழுத்தைப் பார், கோழி கிளறின மாதிரி. எங்கேயோ ஒரு ஊர்ப் பிள்ளை, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படிக்கிற பிள்ளை, அல்லது பஸ்ஸே இல்லாத பிள்ளை. இருபத்தெட்டுக்கு வந்தார். ‘உராய்வு எதற்கும்’ என்று ஆரம்பித்தது, போதும் தாயே என்று பூஜ்யம் போட்டார். கிளிப்பிள்ளைகள். சொந்தமாக ஒரு வரி எழுதத் துப்பில்லை. லாரியைப் பார்த்ததே இல்லையா இதுகள்? லாரியில் மூட்டை போகிறதைப் பார்த்ததில்லையா? அது முன்னால்தானே போகிறது, பின்னாலா போகிறது? யோசிக்க வேண்டாமா? யோசிக்க வேண்டாம் என்று சொன்னது யார், அதுவும் அவருக்குத் தெரியும். அவரே எழுதின கைடின் முதல் பக்கத்தில், பெட்டி கட்டி, கொட்டை எழுத்தில், ‘அன்பு மாணவச் செல்வங்களே, யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள், உள்ளது உள்ளபடி மனனம் செய்து எழுதுங்கள், வெற்றி உங்களுக்கே’ என்று போட்டிருந்தது. கீழே, பேராசிரியர் கதிரொளி. அப்படி ஒரு பேராசிரியர் இந்தப் பூமியில் பிறக்கவே இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் கைடு எழுதக் கூடாது, எழுதினால் பதினேழு-பி என்கிற குற்றச்சாட்டுக் கடிதம் வரும், வந்தால் பதவி உயர்வு போகும், சில சமயம் வேலையே போகும். அதனால் செங்கோட்டுவேல் கதிரொளி ஆனார். கதிரொளி! அந்தப் பெயரை வைத்த அன்றைக்கே தனக்கு ரசனை கிடையாது என்று தெரிந்திருக்க வேண்டும். எழுந்து போய், மேடம், இது காப்பி இல்லை, கைடு, என்று சொன்னால் தீர்ந்தது. தீருமா? எந்தக் கைடு என்பாள். கதிரொளி கைடு. யார் அந்தக் கதிரொளி என்று மேலேயிருந்து ஒருத்தன் கேட்பான். அச்சகத்துச் சுப்பராயலுவிடம் ஆள் போகும். சுப்பராயலு வாய் இருக்கிறதே, ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் தன் பெண்டாட்டியின் ஜாதகத்தையே சொல்லிவிடுவான், கதிரொளி யார் என்று சொல்ல மாட்டானா? இரண்டு வருஷம் இருக்கிறது ஓய்வு பெற. இருபத்தொன்பது வருஷம் ஒரு மெமோ வாங்காமல் ஓட்டியாயிற்று.

டீ வந்தது. டீ என்று பெயர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம்பரிதி, வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆன பையன், ஆளுக்கு முன்னால் தாடி வந்திருந்தது, தம்ளரை வைத்துவிட்டு, “சார், எனக்கென்னமோ இது காப்பின்னு தோணலை” என்றான். செங்கோட்டுவேலுக்குக் காது சூடாயிற்று. “பின்ன என்னவாம்?” என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஏதோ கைடு சார். இல்லாட்டி டியூஷன் நோட்ஸ். பதினேழு வயசுப் பிள்ளை ‘ஐயத்திற்கு இடமே இல்லை’ன்னு பேசுமா? இது ஏதோ கிழவன் பாஷை.” கிழவன். பையன் சிரித்துக்கொண்டு மேலே பேசினான்: “எவனோ ஃபிசிக்ஸே தெரியாதவன் எழுதியிருக்கான் சார். நிலை உராய்வுக்கும் இயக்க உராய்வுக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாள். பி.எஸ்ஸி கூட முடிச்சிருக்க மாட்டான். பிள்ளைங்க அவனை நம்பித் தொலைச்சிருக்கு.” முட்டாள் என்ற சொல் செங்கோட்டுவேலின் பிடரியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவருக்கா வித்தியாசம் தெரியாது? எம்.எஸ்ஸியில் அந்த வருஷம் கல்லூரியிலேயே இரண்டாவது. இயந்திரவியல் தாளில் தொண்ணூற்று நாலு. இந்தப் பொடியன் பிறப்பதற்கு முன்னாலேயே வேலை-ஆற்றல் தேற்றத்தைப் பலகையில் கண்ணை மூடிக்கொண்டு நிறுவியவர். பதில் சொல்ல வாயெடுத்தார். என்ன சொல்வது? அவனுக்கு எல்லாம் தெரியும் தம்பி, தெரிந்துதான் எழுதினான் என்றா? “அப்படி ஒண்ணும் முட்டாளா இருக்க மாட்டான்” என்று மட்டும் சொன்னார். சொன்ன பிறகுதான் அதுவே அதிகம் என்று பட்டது. “உங்க கருத்தைப் போய் மேடத்துக்கிட்டச் சொல்றது” என்று சேர்த்தார். “சொன்னேன் சார் காலையிலயே. கைடைக் கொண்டா, பக்கத்தைக் காட்டுன்னாங்க. கடைத்தெருவுல ரெண்டு கடைக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன், அதுல இல்லை.” இருக்காது. இந்த ஊரில் விற்க வேண்டாம் என்று சுப்பராயலுவிடம் சத்தியம் வாங்கியிருந்தார், தெற்கே நாலு மாவட்டத்தில் மட்டும் விற்றுக்கொள் என்று. அவ்வளவு உஷார் ஐயா நம்ம ஐயா. டீயில் ஏடு படிந்திருந்தது, விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார்.

தெரிந்துதான் எழுதினானா? இல்லை, எழுதினபோது தெரியாது. அதாவது, யோசிக்கவில்லை. எழுதினது ஒரு மே மாதம், மாடியில், ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு பாடம் என்று ஓட்டம். உராய்வு என்றால் எதிர்ப்பு, எதிர்ப்பு என்றால் எதிர்க்குறி, போடு, அடுத்த கேள்வி. பிழை என்று சொல்வதற்கில்லை, வேகம் என்று சொல்லலாம். பிழை வந்து சேர்ந்தது பிறகு, விருந்தில். மச்சான் நல்லமுத்துவின் பெண்ணுக்குச் சீர் செய்த அன்றைக்கு. கைடு எழுதிய விஷயத்தை யாரிடமும் சொல்லாதே என்று மனைவி சாந்தாமணியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், அவள் அண்ணனிடம் சொல்லுவதை யாரிடமும் என்பதில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. நல்லமுத்து லாரிக்காரன். எட்டாவதோடு சரி. இருபத்தைந்து வருஷமாக வடக்கே போவதும் வருவதும், வெயிலில் வெந்த முகம், பேசும்போது கையைக் கியர் போடுகிற மாதிரி ஆட்டுவான். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, “மாப்ள, உங்க பொஸ்தகம் பார்த்தனுங்” என்றான். “லாரின்னு போட்டிருந்துச்சு, அதான் படிச்சனுங். ஒண்ணு மட்டும் வெளங்கலீங்.” கேளுங்கள் மச்சான் என்றார் இவர், தாராள மனசோடு, வாயில் அப்பளத்தோடு. “உராய்வு எப்பவுமே எதிர்னு போட்டிருக்கீங்க. அப்பறம் பெட்டியை எதுங் கூட்டிட்டுப் போகுது? கயிறு கட்டலை, ஆள் புடிக்கலை. ஒருக்கா நம்ம வண்டில எண்ணெய் டின்னு ஒடைஞ்சு தளம் பூராக் கொட்டிப் போச்சுங். வண்டியை எடுத்தேன் பாருங், பெட்டி நின்ன எடத்துலயே நிக்குது, வண்டி மட்டும் போகுது. அத்தனையும் பொறத்தால ரோட்டுல. அப்ப அந்தப் புடிப்பு இருந்தாத்தானுங் பெட்டி கூட வருது? அதெப்படிங் எதிர் வேலை ஆகும்?” சொல்லிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி சோற்றைப் பிசைந்தான். செங்கோட்டுவேல் சிரித்தார். நன்றாகப் பலமாகச் சிரித்தார், நாலு இலை தள்ளியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. “மச்சான், கியர் போடறது உங்க வேலை, கணக்குப் போடறது என் வேலை. ரெண்டையும் கலந்தா வண்டி குப்புறக் கவுந்துரும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நல்லமுத்துவும் சிரித்தான், “அதுஞ் சரிதானுங்” என்றான். ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் செங்கோட்டுவேலுக்கு விளங்கிவிட்டது. அவன் சொன்னது சரி. நூற்றுக்கு நூறு சரி. பெட்டிக்கு இயக்க ஆற்றல் வந்ததே, யார் கொடுத்தது? தளம் கொடுத்தது. வேறு யாரும் பெட்டியைத் தொடவில்லை. தேற்றத்தை இருபது வருஷத்துக்கு மேலாக நிறுவுகிற மனுஷனுக்கு அதை ஒரு லாரிக்காரன் எண்ணெய் டின்னை வைத்து நிறுவிக் காட்டிவிட்டான். மோரை வேண்டாம் என்று இலையை மூடிவிட்டு எழுந்தார். அன்றைக்கு ராத்திரி வயிறு சரியில்லை என்று சாந்தாமணியிடம் சொன்னார். வயிறு சரியாகத்தான் இருந்தது.

சரி, தெரிந்தது, திருத்தியிருக்கலாமே? இதைத்தான் அவர் மனசு பத்தாவது தாளைத் திருத்துகிறபோதும் பதினோராவது தாளைத் திருத்துகிறபோதும் பல்லில் சிக்கின பாக்குத்தூளை நாக்கு தேடுகிற மாதிரித் தேடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு மூன்று பதிப்பு வந்தது. மூன்று தரமும் சுப்பராயலு பிழை திருத்தப் படிகளை மஞ்சள் கவரில் போட்டு அனுப்பினான். மூன்று தரமும் ‘வோல்டேஜ்’ என்றிருந்ததை ‘மின்னழுத்தம்’ ஆக்கினார், துணைக்காலை நட்டார், ‘செல்வங்களே’க்குப் பின்னால் ஆச்சரியக்குறி போட்டார். மூன்று தரமும் முப்பத்தொன்றாம் பக்கம் வந்தது. பேனா நின்றது. பக்கத்தைப் புரட்டினார். ஏன்? பக்கம் கலைந்துவிடும், சுப்பராயலு திட்டுவான் என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டார். இந்தக் கேள்வியைத் தேர்வில் எவன் கேட்கப்போகிறான் என்று ஒரு தரம். மூன்றாம் தரம் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. திருத்தினால் நல்லமுத்து ஜெயித்துவிடுவான், அதுதான் காரணம், வேறு ஒரு புண்ணாக்கும் இல்லை. அடுத்த விசேஷத்தில், அடுத்த பந்தியில், “மாப்ள, மாத்திட்டீங்க போலிருக்குதுங்” என்பான், அதுவும் குத்தலாகச் சொல்ல மாட்டான், சாதாரணமாகச் சொல்வான், அதைத்தான் தாங்க முடியாது. அவனோ அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை. போன தை மாசம் பார்த்தபோதுகூட டீசல் விலையைத்தான் பேசினான். விருந்து முடிந்து கை கழுவினதுமே அவனுக்கு மறந்து போயிருக்கும். அவன் மறந்து போன ஒரு கேள்விக்கு ரோஷப்பட்டுக்கொண்டு ஐந்து வருஷம் ஒரு மனுஷன் தெற்கு ஜில்லாப் பிள்ளைகளுக்கெல்லாம் தப்பை விற்றிருக்கிறான். சீ, இதெல்லாம் ஒரு விஷயமா, மூன்று மார்க், என்று மறுபடி ஆரம்பித்தார். மூன்று மார்க் இல்லை இப்போது. நாற்பத்தொரு ரிசல்ட். விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதாசு போகும். அப்பனை வேலைக்கு லீவு போட வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் பஸ் ஏறும். நான் காப்பி அடிக்கவில்லை சார், மனப்பாடம் பண்ணினேன் சார் என்று அழும், யார் நம்புவார்கள்? அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் காப்பிப் பள்ளிக்கூடம் என்று பெயர் வரும். வரட்டுமே, மனப்பாடம் பண்ணுகிற சனியன்களுக்கு வேண்டியதுதான், என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அது தன் குரல்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. பன்னிரண்டு நாற்பது.

பன்னிரண்டாவது தாள், காலைக்குக் கடைசி. சாய்வான எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் வலது பக்கம் குனிந்து எதையோ எடுக்கப் போகிற மாதிரி. பெண்பிள்ளையாக இருக்கும். முன் கேள்விகளெல்லாம் சுமார். இருபத்தெட்டாம் கேள்விக்கு வந்தார். ‘உராய்வு எதற்கும் ஒத்துப்போகாத குணமுடையது. ஆகவே’ வரைக்கும் எழுதி, அடித்திருந்தது. ஒரே கோடு, ஸ்கேல் வைத்து. அதற்குக் கீழே வேறு: ‘ஆனால் லாரி கிளம்பும்போது பெட்டியும் கூடவே கிளம்புகிறது. உராய்வு இல்லாவிட்டால் பெட்டி விழுந்துவிடும். எனவே உராய்வு பெட்டிக்கு உதவி’ வரைக்கும் எழுதி, அதையும் அடித்திருந்தது. இந்தத் தரம் ஸ்கேல் இல்லை, கையால், மூன்று நாலு கோடு, பயந்துபோய் அடித்த மாதிரி. அதற்கும் கீழே, முழுசாக, சுத்தமாக, புள்ளி வைத்து: உராய்வு எதற்கும் ஒத்துப்போகாத குணமுடையது, ஆகவே அது செய்யும் வேலை என்றென்றும் எதிர்க்குறியே, இதில் ஐயத்திற்கு இடமே இல்லை. செங்கோட்டுவேல் தாளைப் பக்கத்தில் வைத்தார். மறுபடி எடுத்தார். பேனாவைத் திறந்தார். அடித்த விடைக்கு மார்க் போடக் கூடாது, அது விதி. இருந்தாலும் நாலு கோட்டுக்கு அடியில் அந்த ‘உதவி’ நன்றாகத் தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டாள். எண்ணெய் டின் இல்லாமல், பந்தி இல்லாமல், தேர்வு ஹாலில் உட்கார்ந்து, தானாகக் கண்டுபிடித்துவிட்டாள். பிறகு பேராசிரியர் கதிரொளியை நினைத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய மனுஷன் தப்பாகவா எழுதுவான் என்று நினைத்திருப்பாள். ‘இதில் ஐயத்திற்கு இடமே இல்லை’ என்று வேறு போட்டிருக்கிறானே என்று நினைத்திருப்பாள். கழுதை, ஏன் அடித்தாய்? கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? அவருக்கு வந்த கோபத்தில் யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை, பேனா முனை தாளில் பட்டு ஒரு பொட்டு சிவப்பாக ஊறி விரிந்தது. விதிப்படி பூஜ்யம். போட்டார். வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து அறையில் இருந்த எல்லார் மேலும் மனசுக்குள் துப்பித் தீர்த்த பிறகு துப்புவதற்கு வேறு ஆள் மீதியில்லாமல் போயிருந்தது.

மணி அடித்தது. எல்லாரும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்கள். இளம்பரிதி, “வரலையா சார்?” என்றான். “நீ போ” என்றார். ஜெசிந்தா மேடம் மட்டும் மேசையில் இருந்தாள், முன்னால் வெள்ளைத் தாள் ஒன்று, அதில் தேதி மட்டும் எழுதியிருந்தது. காலையிலிருந்து அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள். செங்கோட்டுவேல் பன்னிரண்டாவது தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் நின்றார்.

“மேடம், இது காப்பி இல்லைங்க.”

அவள் நிமிர்ந்தாள்.

“கைடு. கதிரொளின்னு ஒரு கைடு, தெற்கே விக்குது. முப்பத்தொண்ணாம் பக்கம். இந்தத் தாளைப் பாருங்க. காப்பி அடிக்கிற பிள்ளை எழுதி, அடிச்சு, வேற எழுதி, அதையும் அடிச்சு, மறுபடி அதையே எழுதாது. இது மனப்பாடம் பண்ணினதுக்கும் சொந்தப் புத்திக்கும் நடந்த சண்டை.”

ஜெசிந்தா தாளை வாங்கி, அவள் வழக்கப்படி, எறும்பு ஊர்கிற மாதிரிப் படித்தாள். அடித்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் படித்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அப்பாடா” என்றாள். “காலையில இருந்து எனக்கு ஒரு வாய் தண்ணி இறங்கலை சார். நாப்பத்தொரு பிள்ளைங்க. எப்படி இதை எழுதறதுன்னு தேதியைப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். யாராவது வந்து ஏதாவது சொல்ல மாட்டாங்களான்னு ஒவ்வொரு முகமாப் பார்த்துட்டிருந்தேன்.” அவள் கண் கலங்கியிருந்தது. இவளையா ரிப்போர்ட்டுக்கு அலைகிறவள் என்று நினைத்தோம் என்று அவருக்கு ஒரு மாதிரி ஆயிற்று. வழக்கமாக அப்படி ஆகிற ஆள் இல்லை அவர்.

“நீங்க சீனியர். உங்க கையால ஒரு குறிப்பு எழுதிக் குடுத்துடுங்க, நான் இணைச்சு அனுப்பிடறேன். புத்தகம் கிடைக்குமா?”

“வாங்கித் தர்றேன்.”

“போதும். நான் சொல்றேன், எழுதுங்க.” வெள்ளைத் தாளை அவர் பக்கம் திருப்பினாள். அவர் எழுதினார். அவர் எழுத்து எப்போதுமே அழகு. மேற்படி வினாவிற்கான விடை, கதிரொளி என்பவர் எழுதிய வழிகாட்டி நூலின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் உள்ளது. மாணவர்கள் அதனை மனனம் செய்து எழுதியுள்ளனர். ஆதலால் இதில் முறைகேடு ஏதும் இல்லை. கை லேசாக ஓடியது. இவ்வளவுதான், தீர்ந்தது, பிள்ளைகளும் தப்பித்தார்கள், கதிரொளி இந்தப் பூமியில் பிறக்காதவன், அவன் பாட்டுக்கு மாட்டிக்கொள்ளட்டும், சுப்பராயலுவைப் போய்ப் பார்த்து வாயை அடைத்துவிட்டால் ஆயிற்று.

“அப்புறம் சார், காரணம் ஒரு வரி வேணும். இல்லாட்டித் திருப்பி அனுப்புவாங்க. எழுதுங்க: நூலாசிரியருக்கு உராய்வு பற்றிய அடிப்படை அறிவு இல்லாததால் இப்பிழை நேர்ந்துள்ளது.”

‘நூலாசிரியருக்கு’ என்று எழுதினார். அங்கேயே நின்றது. அடிப்படை அறிவு இல்லாததால். எழுதித் தொலை, நாலு சொல். எழுதிவிட்டுப் போய்ச் சோற்றைத் தின்னு. இளம்பரிதியும் அதைத்தானே சொன்னான். வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். யாரோ எதற்கோ சிரித்தது, அவருக்குப் பந்தியில் கேட்ட மாதிரி இருந்தது. தொண்ணூற்று நாலு மார்க் வாங்கின கை, முப்பது வருஷம் தேற்றம் நிறுவின கை, தனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுத வரமாட்டேன் என்றது.

“இல்லைங்க மேடம்” என்றார்.

“என்ன இல்லை?”

“அறிவு இல்லாததால இல்லைங்க.” மேற்கொண்டு எழுதினார். நூலாசிரியருக்கு இது பிழை என்று ஐந்து ஆண்டுகளாகத் தெரியும். தெரிந்தும் மூன்று பதிப்புகளில் திருத்தவில்லை.

ஜெசிந்தா தலைகீழாகவே அதைப் படித்தாள். படித்து முடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று. பிறகு மெதுவாக, “அது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?” என்றாள்.

முட்டாள் என்று பேர் வாங்குவதற்கு அயோக்கியன் என்று பேர் வாங்குவது மேல் என்று நினைத்தாரோ, இல்லை அந்தப் பிள்ளைக்குப் போட்ட பூஜ்யம் உறுத்தியதோ, இரண்டுமோ, அவருக்கே தெரியாது. தாளின் அடியில் தி. செங்கோட்டுவேல், முதுகலை ஆசிரியர், இயற்பியல் என்று அழகாக எழுதினார். கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி போட்டு, உள்ளே கதிரொளி என்று எழுதி, அடைப்புக்குறியை மூடினார்.